புங்கனூர்க் கன்றும் எங்கள் மகளும்

2021 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. நாட்டில் கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கி ஒரே ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதுவும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும்தான் முதலில் என்று அறிவித்திருந்தார்கள். ஆந்திரத்தில் கனுமா என்று வழங்கும் மாட்டுப் பொங்கல் முடிந்து இரண்டு நாள்கள் கழிந்திருந்தன. அன்று காலை ஆறு மணிக்குத் திருப்பதியிலிருந்து நாங்கள் ஐவரும் புறப்பட்டோம். கணவன் மனைவியான நாங்கள் இருவர், ஒன்பதாம் வகுப்பு மகன், மூன்றாம் வகுப்பு மகள், எழுபத்தொரு வயதான பாட்டி. பத்து மாதங்களில் குடும்பத்தோடு நாங்கள் வீட்டைவிட்டு வெளியே செல்வது அதுவே முதன்முறை.

நாங்கள் இருவருமே வங்கி அலுவலர்கள். வெவ்வேறு கிளைகளில் பணி. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கிய பின்னும் வங்கிகள் அத்தியாவசியப் பணி என்ற முறையில் திறந்தே இருந்தன. ஏப்ரல் மாதத்தில் ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வரவு வைக்கப்பட்டபோது, கிளை வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள் வரைந்து வரிசையை நிறுத்தியதை வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மாலையில் வீடு திரும்பினால் வாசலிலேயே உடை மாற்றிக் குளித்த பிறகுதான் உள்ளே செல்வோம். மகள் ஓடி வந்து கட்டிக்கொள்ள முயலும்போதெல்லாம், ‘தொடாதே, தள்ளி நில்’ என்று கூறிக்கொண்டே இருந்தோம். ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் இருவருக்கும் ஒருசேரத் தொற்று உறுதியானது. பதினேழு நாள்கள் ஓர் அறைக்குள் அடைபட்டிருந்தோம். பாட்டியும் பிள்ளைகளும் சாப்பாட்டுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு விலகிச் செல்வார்கள்.

நாங்கள் நலம் பெற்று வெளியே வந்தோம். மகள்தான் வரவில்லை என்று சொல்ல வேண்டும். எதையும் எவரையும் அவள் தொடுவதில்லை. கதவைத் தோளால் தள்ளித் திறப்பாள். ஒன்று முதல் இருபது வரை உரக்க எண்ணிக் கைகழுவுவாள். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. முன்பெல்லாம் பாட்டியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்குபவள், சுவரோரமாகத் தனிப் பாய் விரித்துக்கொண்டாள். நோய் தன்னைத் தொற்றிக்கொள்ளும் என்ற பயம் என்றே நாங்கள் எண்ணினோம். காலப்போக்கில் தெளியும் என்று காத்திருந்தோம். சிறு வகுப்புகள் அதுவரை திறக்கப்படாததால், பிற குழந்தைகளைப் பார்த்து மனம் மாறவும் அவளுக்கு வழியில்லை.

மகனுடைய விருப்பம் திருப்பதி விலங்கியல் பூங்கா. 1987இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா விலங்கியல் பூங்கா 5,532 ஏக்கர் பரப்புடையது. நாட்டின் மிகப் பெரிய பூங்காக்களுள் ஒன்று. எனினும் அங்கும் அகழிக்கு அப்பாலிருந்து பார்க்க வேண்டும். எங்கு திரும்பினாலும் ‘தொடாதீர்’ என்ற பலகை இருக்கும். அந்தச் சொல் எங்கள் வீட்டில் வேண்டிய மட்டும் ஒலித்தாயிற்று என்று தோன்றியது. எனவே பலமநேர்ப் பக்கம் செல்வதென முடிவு செய்தோம். எங்களில் ஒருவர் முன்பு அந்தப் பகுதிக் கிளையில் பணியாற்றியவர். அப்போது அறிமுகமான விவசாயி ஒருவர், ஊரடங்கு தளர்ந்ததிலிருந்து ஞாயிறுதோறும் தம் தோட்டத்தைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம் மட்டுமே; கட்டணம் 200 ரூபாய். மாடு, ஆடு, முயல், கோழி எதையும் தொடலாம், தடவலாம், தீனி கொடுக்கலாம்.

சந்திரகிரிக் கோட்டை அன்று பனிமூட்டத்தில் பாதிதான் தெரிந்தது. காணிப்பாக்கம் விநாயகரைச் சாலையிலிருந்தே வணங்கிவிட்டுச் சித்தூரைக் கடந்தோம். சித்தூருக்கு மேற்கே பங்காருபாளையம் வரையிலும் சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள். மரங்களில் அங்கங்கே பூ தொடங்கியிருந்தது. மொகிலி மலைச்சாலையில் வளைவுகள் வந்ததும் மகனுக்குத் தலை சுற்றியது. வண்டியை நிறுத்திப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவ்விடத்தில் பாட்டி ஒரு செய்தி சொன்னார். பாட்டி பிறந்தது குடியாத்தம் பக்கத்துக் கிராமம். அவ்வூரார் கௌண்டின்ய மகாநதி என்றழைக்கும் ஆறு இந்தப் பலமநேர் மேட்டிலிருந்துதான் இறங்கி வருகிறது. “எங்கள் ஊர் மாடுகள் குடித்த தண்ணீர் எல்லாம் இங்கிருந்து வந்ததுதான்” என்றார். வரைபடத்தில் இரண்டு மாநிலமாக இருப்பது ஆற்றுக்குத் தெரியாது. அப்போது சித்தூரும் திருப்பதியும் ஒரே மாவட்டமாக இருந்தன என்பதையும் இங்கே குறித்துவிடுகிறோம். 2022 ஏப்ரல் 4 அன்றுதான் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

தோட்ட வாசலில் பானை நிறையத் தண்ணீரும் ஒரு சோப்பும் வைத்திருந்தார்கள். விவசாயியின் மனைவி எங்களை நிறுத்தி, உள்ளே வருமுன் அனைவரும் கைகழுவ வேண்டும் என்றார். எங்களில் ஒருவர் பையிலிருந்து கிருமிநாசினிப் புட்டியை எடுத்தபோது, “அது வேண்டாம் சார், ஆடு கையை நக்கும், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்” என்றார். கட்டணம் வேண்டாம் என்று அவர் மறுத்தார். முதலில் அதை வாங்கிக்கொண்டால்தான் உள்ளே வருவோம் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். பணி விதி ஒருபுறம் இருக்க, அந்த 200 ரூபாய் அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பது பின்னர்தான் எங்களுக்கு விளங்கியது.

உள்ளே வேப்ப மரத்தடியில் நான்கு புங்கனூர்ப் பசுக்கள் கட்டப்பட்டிருந்தன. கொம்புகளில் கனுமாவுக்குப் பூசிய வண்ணம் இன்னும் உதிரவில்லை, கழுத்தில் சலங்கை. மகன் வியந்து நின்றுவிட்டான். அவனுடைய இடுப்பளவுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான் உயரம். பலமநேருக்கு வடமேற்கே உள்ள புங்கனூரின் பெயரால் வழங்கும் இந்த இனம் உலகின் மிகச் சிறிய மாட்டினங்களுள் ஒன்று. வளர்ந்த மாட்டின் உயரம் 70 முதல் 90 சென்டிமீட்டர். எடை 115 முதல் 200 கிலோ. புங்கனூர் ஜமீன்தார்கள் ஆதரித்து வளர்த்த மாடு. நாளொன்றுக்கு ஐந்து கிலோ அளவிலான தீனியில் காலம் தள்ளும். சாதாரணப் பசும்பாலில் மூன்று, நான்கு விழுக்காடு கொழுப்பு இருக்குமென்றால், இதன் பாலில் எட்டு விழுக்காடு வரை இருக்கும் என்பார்கள். மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை கறக்கும் என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். தம் வீட்டு மாடுகள் இரண்டு லிட்டரைத் தாண்டியதில்லை என்று அவர் சிரித்தார்.

அந்த இரண்டு லிட்டர்தான் இந்த மாட்டுக்கு வினையாயிற்று. நாம் வங்கியாளர்கள் என்பதால் இதைச் சற்று வெளிப்படையாகவே எழுதலாம். 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கிய பின், பால் பெருக வேண்டும் என்பதே நாட்டின் நோக்கமாயிற்று, அதில் பிழையில்லை. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்கள் ஊர் ஊராகப் பரவின. கறவை மாட்டுக் கடன் கேட்டு வருபவரிடம் வங்கியில் நாம் கேட்கும் முதற் கேள்வி, நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் என்பதுதான். வரவு செலவைக் கணக்கிட்டால் பத்து லிட்டர் மாட்டுக்குக் கடன் கிடைக்கும். இரண்டு லிட்டர் மாட்டுக்குக் கிடைக்காது. நாங்கள் கையெழுத்திட்ட எத்தனையோ விண்ணப்பங்களில் புங்கனூர் மாடு ஒன்றுகூட இருந்ததாக நினைவில்லை. இப்படியாக இந்த இனம் மெல்ல அருகியது. திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், பலமநேரில் உள்ள தன் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் மந்தை ஒன்றைப் பேணி வளர்த்துவந்திராவிட்டால் எங்கள் பிள்ளைகள் இதைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள்.

ஊரடங்கு அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியதை அந்த விவசாயி எங்களுக்கு விவரித்தார். அவரிடம் இந்த நான்குடன் இரண்டு கலப்பினப் பசுக்களும் இருந்தன. 2020 மார்ச் 20 அன்று திருமலையில் பக்தர்களுக்கான தரிசனம் நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து ஊரடங்கும் வந்து ஓட்டல்களும் தேநீர்க் கடைகளும் அடைபட்டபோது, அவர் பால் ஊற்றிவந்த இடங்கள் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றன. தவிடும் புண்ணாக்கும் வரவில்லை. வந்தாலும் விலை ஏறியிருந்தது. வாங்கிப் போடும் தீவனத்தை நம்பிய கலப்பினப் பசுக்கள் இரண்டே வாரத்தில் இளைத்தன; கேழ்வரகுத் தாளையும் வேர்க்கடலைக் கொடியையும் தின்ற சின்ன மாடுகளுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. கலப்பினத்தில் ஒன்றை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றார். அந்த மாட்டின் மீதுதான் கடன் இருந்தது.

அவருடைய மனத்தில் இன்னொரு குறையும் இருந்தது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த தவணைத் தள்ளிவைப்பு முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை நீண்டது. “ஆறு மாதம் கட்ட வேண்டாம் என்றார்கள். கட்டவில்லை. பிறகு பார்த்தால் பாக்கி கூடியிருக்கிறது” என்றார். தவணை தள்ளிவைக்கப்பட்டதே தவிர, நிலுவைத் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது என்பதை அவருக்கு எவரும் விளங்கும்படி எடுத்துச் சொல்லவில்லை. கட்டுத்தறி அருகே கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, மகனின் நோட்டுப் புத்தகத்தில் அதைக் கணக்கிட்டுக் காட்டினோம். அவர் தலையசைத்தார். விளங்கியதும் குறை தீர்ந்துவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

கூடவே இன்னொன்றும் சொன்னோம். பயிருக்கு மட்டும் என்றிருந்த கிசான் கடன் அட்டை, 2019 பிப்ரவரி முதல் கால்நடை வளர்ப்போரின் நடைமுறைச் செலவுக்கும் கிடைக்கிறது. தீவனம், மருந்து, பராமரிப்பு எல்லாம் அதில் அடங்கும். அப்போது 1.60 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை. 2025 ஜனவரி 1 முதல் அந்த வரம்பு 2 லட்சம் ஆகியுள்ளது. உரிய தேதியில் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டிச் சலுகையும் உண்டு. இந்த அட்டைக்கு மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்பதே எல்லாமும் ஆகிவிடாது. எத்தனை மாடுகள், அவற்றை வளர்க்க என்ன செலவு என்பதையும் பார்ப்பார்கள். அடுத்து, காதுப் பட்டையைக் கவனிக்கச் சொன்னோம். பன்னிரண்டு இலக்க எண் பொறித்த அந்த மஞ்சள் பட்டைதான் காப்பீட்டில் மாட்டின் அடையாளம். பட்டை அறுந்து விழுந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லி மறுபட்டை போட்டு, புதிய எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாடு இறந்த பிறகு பட்டையைத் தேடி அலைந்த குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இந்தக் கணக்கெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது மகன் முயல் கூண்டுக்குள் பாதி நுழைந்திருந்தான். பாட்டி ஒரு பசுவின் கழுத்துத் தொங்கலைச் சொறிந்துகொண்டு, அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மகள் மட்டும் வேலிக்கு வெளியே, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்றாள். அவளெதிரே, பிறந்து இரண்டு மாதமே ஆன வெள்ளைக் கன்று ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. பெரிய நாயைவிடச் சிறியது.

விவசாயியின் மனைவி அவளருகே சென்று, “தூடயைத் தொட்டுப் பார் பாப்பா, ஒன்றும் செய்யாது” என்றார். தெலுங்கில் கன்றைத் தூட என்பார்கள். மகள் அசையவில்லை. சிறிது நேரம் கழித்து மிகத் தாழ்ந்த குரலில், “என்கிட்டேயிருந்து அதுக்கு வந்துட்டா?” என்று கேட்டாள்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்து மாதங்களாக எதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்பது அக்கணமே தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, அவர்களிடமிருந்து பெரியவர்களுக்குத்தான் தொற்றும், வீட்டில் வயதானவர் இருந்தால் ஜாக்கிரதை என்று அந்நாள்களில் தொலைக்காட்சியிலும் தொலைபேசியிலும் பெரியவர்கள் பேசியதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அஞ்சியது தன்னைப் பார்த்து. பாட்டியின் பாயைவிட்டு அவள் விலகியதற்கும் அதுவே காரணம்.

கேள்வி அறிவற்ற கேள்வியுமன்று. 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்கியல் பூங்காவில் நாடியா என்ற புலிக்கு மனிதரிடமிருந்து தொற்று ஏற்பட்டது. உடனே நம் நாட்டின் மத்திய விலங்கியல் பூங்கா ஆணையமும் எல்லாப் பூங்காக்களையும் எச்சரித்தது. நாங்கள் சென்றுவந்த சில மாதங்களில் ஐதராபாத் நேரு பூங்காவில் எட்டுச் சிங்கங்களுக்குத் தொற்று கண்டறியப்பட்டது. 2021 ஜூன் மாதத்தில் சென்னை வண்டலூரில் நீலா என்ற பெண்சிங்கம் இறந்தது. பூனை இனத்துக்கு எளிதில் தொற்றியது. மாடுகளுக்கு மிக அரிது என்பது ஆய்வுகளில் தெரியவந்தது. இதையெல்லாம் அன்று அந்த அம்மாள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் சொன்ன விடை எளியது.

“அதுக்குத்தானே வாசலில் கைகழுவச் சொன்னேன். நீ கழுவினாயா இல்லையா?”

“கழுவினேன். இருபது வரைக்கும்.”

“அப்புறம் என்ன? போகும்போதும் கழுவிவிட்டுப் போ. உன்னிடமிருந்து அதுக்கும் வேண்டாம், அதனிடமிருந்து உனக்கும் வேண்டாம்.”

இரண்டாவது பகுதியையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். கால்நடைகளிடமிருந்து படர்தாமரை, வயிற்றுப்போக்குக் கிருமிகள், காய்ச்சாத பால் வழியே புருசெல்லோசிஸ் போன்றவை மனிதருக்கு வரக்கூடும். ஆகவே தொழுவத்துக்குள் தின்பண்டம் கூடாது; கையை வாயருகே கொண்டுபோகக் கூடாது; கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. கொரோனா இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோப்பு வேண்டும்.

மகள் வேலியைக் கடந்து உள்ளே சென்றாள். கையை நீட்டினாள், பாதி தூரத்தில் நிறுத்தினாள். மீதித் தூரத்தைக் கன்று கடந்தது. அதன் நாக்கு உள்ளங்கையில் பட்டதும் அவள் வீலென்று கத்தினாள். ஆனால் கையை எடுக்கவில்லை. “உப்புத்தாள் மாதிரி இருக்கு!” என்றாள். பிறகு அரை மணி நேரம் அவளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. கழுத்து, காது, நெற்றிச் சுழி, ஈரமான மூக்கு எனக் கன்றின் ஓர் இடத்தையும் அவள் விடவில்லை. நாங்கள் படம் எடுக்க மறந்துவிட்டோம்.

புறப்படும்போது பானையருகே நின்று கைகழுவினாள். எண்ணவில்லை.

அந்தப் பகுதியில் இருட்டிய பிறகு சாலையில் இருப்பது நல்லதன்று. 1990இல் அறிவிக்கப்பட்ட கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் அருகிலேயே இருக்கிறது. யானைகள் தோட்டங்களுக்குள் வருவதுண்டு. எனவே மூன்று மணிக்கே திரும்பினோம். சித்தூர் தாண்டும் முன் மகள் உறங்கிவிட்டாள். பின் இருக்கையில், பாட்டியின் மடியில் தலை வைத்து, புடவைத் தலைப்பைக் கையில் பிடித்திருந்தாள். பாட்டி திருப்பதி வரும்வரை கால் மாற்றி அமரவில்லை. மரத்துப்போன காலோடு வீட்டுப் படி ஏற இருவர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி முதல் தேதி ஆரம்ப வகுப்புகள் திறந்தன. அவளும் பள்ளி சென்றாள். அவ்விவசாயி தம் ஊர்க் கிளையில் கிசான் கடன் அட்டைக்கு விண்ணப்பித்தார். இருமுறை அலைந்தபின் மார்ச் மாதத்தில் கிடைத்தது. ஏப்ரலில் இரண்டாம் அலை வந்ததும் தோட்டத்தின் ஞாயிறு வரவு நின்றுபோயிற்று. ஆனால் அந்த ஆண்டு அவர் மாடு எதையும் விற்கவில்லை.

புங்கனூர் மாட்டின் நிலைமை இப்போது வேறு. 2024 சங்கராந்தியன்று பிரதமர் தம் இல்லத்தில் இந்தப் பசுக்களுக்குத் தீனி கொடுக்கும் படம் வெளியானபின் நாடெங்கும் இதற்கு மவுசு. விலை லட்சங்களில் பேசுகிறார்கள். நகரத்து வீட்டு வரவேற்பறையில் அழகுக்காக இதை நிறுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. மாட்டுக்கு மண்ணும் வைக்கோலும் கூட இன்னொரு மாடும் வேண்டும். அந்த விவசாயியிடமும் பெங்களூருவிலிருந்து வந்து கேட்டார்களாம். வெள்ளைக் கன்றுக்கு மட்டும் விலை சொல்லவில்லை என்றார். அது வளர்ந்து பசுவாகி இருமுறை ஈன்றிருக்கிறது. அதற்குக் காதுப் பட்டை போட்ட அன்று அவர் அனுப்பிய படத்திலிருந்து பன்னிரண்டு இலக்க எண்ணை மகள் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாள். நோட்டு பழைய காகிதக்காரரிடம் போய்விட்டது. எண்ணைக் கேட்டால் இன்றும் நிறுத்தாமல் சொல்கிறாள்.